பட்டி பூசினால் போதாது: அடிபட்ட காரை விற்கிறவர்கள் செய்யும் தவறுகள்

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வரும் வழியில், முன்னால் போன தக்காளி பிக்கப் திடீரென்று பிரேக் போட்டது. என் ஸ்விஃப்டின் இடது முகம் அதன் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பானட், இடது ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர் நாலும் போயின. இன்சூரன்ஸில் சரி செய்து எட்டு மாதம் ஓட்டிவிட்டு விற்கக் கிளம்பினேன். “ஒரு கீறல் விழாத வண்டின்னு சொல்லிடுங்கண்ணா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றார் புரோக்கர். நானும் அப்படியே சொன்னேன்.

வாங்க வந்த பையன் வாயே திறக்கவில்லை. கூட வந்த அவனுடைய மாமா காவேரிப்பட்டணத்துக்காரர். பானட்டைத் தூக்கி, கீல் போல்ட்டைக் கட்டை விரலால் தடவினார். “இதுல ஸ்பேனர் பட்டிருக்கே தம்பி” என்றார். கம்பெனியில் போல்ட்டை முடுக்கிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். பின்னால் யாராவது கழற்றினால் அதன் முனையில் பெயிண்ட் உதிர்ந்துவிடும். அடுத்து ஹெட்லைட்: வலது பக்கம் மஞ்சள் பூத்திருந்தது, இடது பக்கம் பளிங்கு மாதிரி. கடைசியாக இன்சூரன்ஸ் பேப்பரைக் கேட்டார். “முதல் ஓனர், ஆறு வருஷ வண்டி, நோ கிளைம் போனஸ் சைபரா?” கிளைம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது; சைபர் என்றால் கிளைம் எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். அவ்வளவுதான். டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்கள்.

அடிபட்டதை மறைப்பதுதான் முதல் தவறு. வண்டி அடிபட்டதற்காக அந்த மாமா போகவில்லை, நான் பொய் சொன்னதற்காகப் போனார். ஒரு பொய்யைப் பிடித்தவர் அப்புறம் கிலோமீட்டரையும் நம்ப மாட்டார், சர்வீஸ் புக்கையும் நம்ப மாட்டார். அதிலும் நம் ஊர்க்காரர்களிடம் இது எடுபடாது. தொப்பூர் கணவாயில் வாராவாரம் நொறுங்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்கள் இவை. கதவின் ரப்பர் பீடிங்கை ஒரு சாண் இழுத்தால் உள்ளே கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராகக் குழிந்து தெரியும். டிங்கரிங் நடந்த இடத்தில் அந்தப் புள்ளிகள் காணாமல் போயிருக்கும், அல்லது கோணல்மாணலாக இருக்கும். இப்போது பெயிண்ட் கனம் பார்க்கும் சின்ன மெஷினும் பலர் கையில் இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருந்தால் பல நூறைத் தாண்டும்.

இதற்குப் பயந்து சிலர் வண்டி முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒரு ஃபெண்டருக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் “எங்கேயோ உரசியிருக்கும்” என்று நினைப்பவர், நாலு பக்கமும் அடித்திருந்தால் உருண்ட வண்டி என்றே முடிவு கட்டுவார். செலவும் உங்களுடையது, கெட்ட பெயரும் உங்களுடையது.

ரிப்பேர் பில்லையும் போட்டோக்களையும் தொலைப்பது நான் செய்த இன்னொரு தவறு. நல்லவேளை, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்த அன்றைக்கு எடுத்த படங்கள் தம்பியின் போனில் இருந்தன. எது உடைந்தது என்பதைவிட எது உடையவில்லை என்பதற்குத்தான் அந்தப் படம் சாட்சி. பானட்டும் பம்பரும் ஃபெண்டரும் போல்ட்டில் தொங்குகிற உறுப்புகள். மாற்றிவிட்டால் கதை முடிந்தது. பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), ஏப்ரன் (இன்ஜின் பக்கத்து உள்தகடு), சேசிஸ் (அடிச்சட்டம்) இவற்றில் அடி விழுந்திருந்தால் அது வேறு கதை. வெட்டி ஒட்டிய வண்டியை “லேசான உரசல்” என்று தள்ளிவிடுவது வியாபாரம் ஆகாது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்களே டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியைக் கட்டி எழுப்பியிருந்தால் வாங்குபவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

ஏர்பேக் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. வெடித்த பையை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டி, டேஷ்போர்டு விளக்கையும் அணைத்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஏர்பேக்கோடு சேர்ந்து சீட் பெல்ட்டின் இறுக்கியும் வேலை செய்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அது ஒருமுறைக்குத்தான். மாற்றக் காசில்லையா, சரி, மாற்றவில்லை என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. “ரிப்பேருக்கே இவ்வளவு போட்டிருக்கேன்” என்று அதையும் விலையில் ஏற்றிக் கேட்பது வீண். வாங்குபவருக்கு அது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த செலவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதேபோல, ஆள் வருவதற்கு முன்பே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். பைபாஸில் ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் நீங்கள் காட்டும் எந்த பில்லும் செல்லாது.

இரண்டாவதாக வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர். உட்காருவதற்கு முன்பே படங்களைக் காட்டிவிட்டேன். அரை மணி நேரம் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார், கொஞ்சம் குறைத்துக் கேட்டார், முடிந்தது. டெலிவரி நோட்டில் தேதி, நேரம், கிலோமீட்டரோடு “இடது முன்பக்கம் அடிபட்டு ரிப்பேர் செய்யப்பட்டது” என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த வரி அவரைவிட எனக்குத்தான் பாதுகாப்பு. மறைத்தும் பொய் சொல்லியும் சம்மதம் வாங்கினால், 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி ஏமாந்தவர் அந்த விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம்.

பேப்பர் வேலையில் நடக்கும் பெரிய தவறு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோவது. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ. ஆபிஸுக்குத் தெரிவிக்க வேண்டும். பெங்களூரு, குப்பம் பக்கத்து ஆள் வாங்கினால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், விற்ற 45 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். லோன் இருந்தால் முதலில் ஹெச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை நீக்க வேண்டும். பழைய விபத்தில் யாருக்காவது காயம் பட்டிருந்தால், அந்த வழக்கு அன்றைய ஓனரைத் தேடித்தான் வரும். வண்டியை விற்றாலும் அந்த வருட இன்சூரன்ஸ் பாலிசி நகல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். நோ கிளைம் போனஸ் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது, வண்டியுடையது அல்ல.

இத்தனையும் சரியாகச் செய்த பெருமையில் இருந்தேன். நான்காம் நாள் காலை, கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பணம் பிடித்ததாக என் போனுக்கு மெசேஜ் வந்தது. ஃபாஸ்டேக்கை மூட மறந்திருந்தேன். புதிய ஓனருக்குப் போன் போட்டேன். “அண்ணா, நானும் அதைத்தான் நினைச்சேன், கேட் தானா திறந்துச்சு” என்று சிரித்தார்.