விசைகளும் இயக்க விதிகளும்: ஆண்டுதோறும் திரும்பி வரும் தவறுகள்

உயர்தரப் பௌதிகவியலில் விசைகளும் இயக்க விதிகளும் என்ற பகுதியைத் தொடங்கிச் சில கிழமைகள் போவதற்குள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரே விதமான பிழைகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். கோண்டாவிலில் படிப்பித்தாலும் பருத்தித்துறையில் படிப்பித்தாலும் அந்த வரிசை மாறுவதில்லை. நான் படித்த காலத்துக் கொப்பியிலும் இவற்றுட் பல இருந்தன. அலகை எழுத மறத்தல், கிராமைக் கிலோகிராமாக மாற்றாமல் விடுதல், திணிவையும் நிறையையும் மாறி எழுதுதல் போன்றவற்றை இங்கே எடுக்கப்போவதில்லை. அவை கவனக்குறைவால் வருபவை. இரண்டு தடவை புள்ளி வெட்டுப்பட்டால் தாமாகவே திருந்திவிடும். நான் எழுத விரும்புவது, கவனமாகப் படிக்கும் பிள்ளையும் முழு நம்பிக்கையோடு செய்யும் தவறுகளைப் பற்றி. அவற்றுள்ளும் ஒன்று மற்றவை எல்லாவற்றையும்விடக் கூடிய புள்ளிகளைப் பறித்துக்கொண்டு போகிறது என்பதால், அதற்கு மட்டும் நீண்ட இடம் எடுத்துக்கொள்கிறேன்.

இயங்கும் திசையில் ஒரு விசை இருந்தே ஆகவேண்டும் என எண்ணுதல்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகொன்று, இறங்குதுறைக்குச் சற்று முன்னால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீரில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் படகின் மீது தாக்கும் விசைகளைக் குறிக்கச் சொன்னால், வகுப்பில் பெரும்பாலானோர் கீழ்நோக்கி நிறையையும், மேல்நோக்கி மேலுதைப்பையும், பின்னோக்கி நீரின் தடையையும் சரியாகவே குறிப்பார்கள். பிறகு ஏதோ குறைவதுபோலத் தோன்றவே, முன்னோக்கியும் ஓர் அம்புக்குறியைப் போட்டு அதற்கு "இயக்க விசை" என்று பெயரும் எழுதிவிடுவார்கள். மேல்நோக்கி எறிந்த பந்துக்கும் இதே கதைதான். கையை விட்டு எப்போதோ போய்விட்ட பந்தில் "எறிந்த விசை" இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த விசையை வழங்கும் பொருள் எது? நிறையை வழங்குவது புவி; மேலுதைப்பையும் தடையையும் வழங்குவது நீர். முன்னோக்கிய அம்புக்குறிக்கு அப்படி ஒரு பொருளைச் சொல்ல முடியாவிட்டால் அதை அழித்துவிட வேண்டும். வேகம் இருப்பதற்கு விசை தேவையில்லை. வேகம் மாறுவதற்கே விசை தேவை. அரிஸ்ரோட்டில் காலந்தொட்டுக் கலிலியோ வரைக்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிய அறிஞர்களே மறுபக்கத்தில் நின்றார்கள் என்பதால், இத்தவறைச் செய்யும் பிள்ளையை நான் ஏசுவதில்லை. ஆனால், பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது அதன் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) பூச்சியம் என்று எழுதினால் மட்டும் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தக் கணத்திலும் நிறை பந்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

செவ்வன் மறுதாக்கத்தை நிறையின் சோடி எனக் கொள்ளுதல்

"சேர், மேசைக்கு மேலே புத்தகம் இருக்கு. நிறை கீழே, மறுதாக்கம் மேலே. ரெண்டும் சமனும் எதிரும். மூன்றாம் விதிதானே?"

இல்லை. இந்த "இல்லை"யைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இப்பிழை பிள்ளைகளின் மனத்தில் தானாக முளைப்பதும் இல்லை. அச்சடித்த குறிப்புத்தாள் ஒன்றில் யாரோ எழுதிவைத்ததை அண்ணா பார்த்தெழுத, அண்ணாவின் கொப்பியிலிருந்து தம்பி பார்த்தெழுத, நேர்த்தியாகச் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் இடப்பட்டுக் கைமாறி வருகிறது. படிக்காத பிள்ளையிடம் இது இருப்பதில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தருவது.

ஒரு பொருள் மற்றொன்றின் மீது விசை செலுத்தினால், மற்றையதும் அதன் மீது சமனும் எதிருமான விசையைச் செலுத்தும் என்பதே நியூற்றனின் மூன்றாம் விதி. அது கூறும் சோடியில் இரண்டு விசைகளும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மீது தாக்கும். நிறையும் செவ்வன் மறுதாக்கமும், அதாவது மேசை தன் மேற்பரப்புக்குச் செங்குத்தாகக் கொடுக்கும் விசையும், புத்தகம் என்ற ஒரே பொருளின் மீது தாக்குகின்றன. சோடியிலுள்ள இரண்டும் ஒரே வகை விசைகளாகவும் இருக்க வேண்டும். இங்கோ ஒன்று ஈர்ப்பு விசை, மற்றையது இரு மேற்பரப்புகள் தொடுவதால் எழும், அடிப்படையில் மின்காந்த வகையைச் சேர்ந்த விசை. மேலும், சோடியில் ஒன்று மறைந்தால் மற்றையதும் அதே கணத்தில் மறைய வேண்டும். மேசையைச் சட்டென்று இழுத்துவிட்டால் செவ்வன் மறுதாக்கம் போய்விடும்; நிறை போகாது, புத்தகம் விழுவதே அதற்குச் சாட்சி.

அப்படியானால் நிறையின் உண்மையான சோடி எது? புவி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது. புத்தகம் புவியை மேலே இழுக்கிறது. இரண்டாவது விசை புவியின் மையத்தை நோக்கி அல்ல, புத்தகத்தை நோக்கி, புவியின் மீது தாக்குகிறது. 20 நியூற்றன் நிறையுள்ள புத்தகக் கட்டு புவியையும் 20 நியூற்றனால் இழுக்கிறது; புவியின் திணிவு ஏறத்தாழ 6 × 10²⁴ கிலோகிராம் என்பதால் அந்த இழுவையின் விளைவு நமக்குத் தெரிவதில்லை. செவ்வன் மறுதாக்கத்தின் சோடி, புத்தகம் மேசையைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை. நான்கு விசைகள், இரண்டு சோடிகள்.

இனி, நிறையும் செவ்வன் மறுதாக்கமும் அங்கே சமனாக இருப்பது ஏன் என்றால், புத்தகத்துக்கு நிலைக்குத்துத் திசையில் ஆர்முடுகல் இல்லை என்பதனால். அதாவது, அது இரண்டாம் விதியின் (விளையுள் விசை = திணிவு × ஆர்முடுகல்) விளைவு. நுணுக்கமாகப் பார்த்தால் அங்கேகூட முழுச் சமன் இல்லை. புவி சுழல்வதால் யாழ்ப்பாணத்தில் மேசை மீது அசையாமல் கிடக்கும் புத்தகமும் உண்மையில் ஒரு வட்டப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் மேசை கொடுக்கும் விசை, புவியின் தூய ஈர்ப்பைவிட ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கும். மூன்றாம் விதிச் சோடியில் இத்தகைய வித்தியாசத்துக்கு இடமே கிடையாது. பரீட்சையில் இதைக் கேட்கமாட்டார்கள், ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது.

"விடை சரியாகத்தானே வருகிறது, காரணம் எதுவாயிருந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்குத்தான் அடுத்த கணக்கு. இரண்டும் சமன் என்பதை விதியாக நம்பிய பிள்ளை, எந்தக் கணக்கிலும் செவ்வன் மறுதாக்கத்துக்குப் பதிலாக நிறையைப் பிரதியிட்டுவிடும்.

சுன்னாகம் சந்தையில் 20 கிலோகிராம் வெங்காய மூட்டை ஒன்றைக் கயிறு கட்டி, கிடையுடன் 30 பாகை மேல்நோக்கிய சாய்வில் 60 நியூற்றன் விசையால் ஒருவர் இழுக்கிறார். தரைக்கும் மூட்டைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.3, ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீற்றர்/செக்கன்². கயிறு மூட்டையை முன்னே இழுப்பதோடு சற்று மேலேயும் தூக்குகிறது. அந்த நிலைக்குத்துக் கூறு 30 நியூற்றன். ஆகவே தரை தாங்கவேண்டியது 200 அல்ல, 170 நியூற்றன் மட்டுமே. எல்லை உராய்வு, அதாவது எழக்கூடிய உச்ச உராய்வு (குணகம் × செவ்வன் மறுதாக்கம்), 51 நியூற்றன். இழுவையின் கிடைக்கூறு ஏறத்தாழ 52 நியூற்றன். மிஞ்சும் 1 நியூற்றனால் மூட்டை 0.05 மீற்றர்/செக்கன்² என்ற மிகச் சிறிய ஆர்முடுகலுடன் நகரும்.

செவ்வன் மறுதாக்கம் 200 நியூற்றன் என்று எழுதிய பிள்ளைக்கு உராய்வு 60 நியூற்றன் ஆகிவிடும். ஒருமுறை, கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்லும் பிள்ளை ஒருத்தி, 52 இலிருந்து 60 ஐக் கழித்து, 20 ஆல் வகுத்து, ஆர்முடுகல் −0.4 என்று எழுதி, அதற்கு இரட்டைக் கோடும் போட்டுத் தந்தாள். முன்னால் இழுத்த மூட்டை பின்னால் போகிறது. அடுத்த பகுதியில் 4 செக்கனில் அது நகர்ந்த தூரத்தையும் கணித்திருந்தாள். அதற்கு அடுத்ததில் செய்யப்பட்ட வேலையையும் கணித்திருந்தாள். கணிப்பில் ஒரு பிழையும் இல்லை. முதல் வரியில் நிறையை எழுதியதால் வினா முழுவதும் போயிற்று.

இதே மூட்டையை, அதே 60 நியூற்றனால், 30 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால் செவ்வன் மறுதாக்கம் 230 நியூற்றன், எல்லை உராய்வு 69 நியூற்றன், மூட்டை அசையாது. பாரத்தைத் தள்ளுவதைவிட இழுப்பது ஏன் இலகு என்று சந்தையில் மூட்டை சுமப்பவருக்குத் தெரியும். தவறான வரியோடு தொடங்கும் பிள்ளைக்கோ இரண்டு நிலைமைகளும் ஒன்றாகவே தோன்றும்.

நான் கவனித்த இன்னொன்று: சாய்தளக் கணக்கில் இதே பிள்ளைகள் செவ்வன் மறுதாக்கத்தை நிறையின் கோசைன் கூறாகச் சரியாகவே எழுதுவார்கள். விளங்கி எழுதுவதல்ல, அது தனியாகப் பாடமாக்கப்பட்டது. தளம் கிடையாக மாறியதும் பழைய நம்பிக்கை திரும்பி வந்துவிடும். ஆகவே என் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு. செவ்வன் மறுதாக்கத்தை எப்போதும் தெரியாக் கணியமாகவே குறிக்க வேண்டும். மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையில் எல்லா விசைகளையும் கூறாக்கி, அத்திசையில் ஆர்முடுகல் உண்டா என்று கேட்டு, இரண்டாம் விதியைப் பிரயோகித்த பிறகே அதற்குப் பெறுமானம் வரவேண்டும். மேசை மேலுள்ள புத்தகத்துக்கும் இதைச் செய்யச் சொல்வேன். வீண் வேலை என்று முணுமுணுப்பார்கள். மேல்நோக்கி 2 மீற்றர்/செக்கன்² ஆர்முடுகலுடன் போகும் மின்னுயர்த்தியில் 50 கிலோகிராம் திணிவுடைய ஒருவருக்கு 600 நியூற்றன் என்ற விடை தானாக வந்து விழும்போது முணுமுணுப்பு அடங்கிவிடும்.

தாக்கமும் மறுதாக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும் எனல்

ஒற்றை மாடு வண்டிலை 400 நியூற்றனால் முன்னே இழுக்கிறது. வண்டில் மாட்டை 400 நியூற்றனால் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமனென்றால் வண்டில் எப்படி நகரும்? மூன்றாம் விதியை விளக்க நியூற்றனே 1687 இல் வெளியிட்ட நூலில், கயிற்றால் கல்லை இழுக்கும் குதிரையைத்தான் எடுத்துக்காட்டினார். ஆகவே இக்குழப்பம் விதியின் வயதை உடையது என்று நினைக்கிறேன். வண்டிலைத் தனியே வரைய வேண்டும். 200 கிலோகிராம் வண்டிலுக்கு முன்னோக்கி 400, தரை முதலியவற்றின் தடை பின்னோக்கி 300 என்றால், மிஞ்சும் 100 நியூற்றன் 0.5 மீற்றர்/செக்கன்² ஆர்முடுகலைத் தரும். பிறகு மாட்டைத் தனியே வரைய வேண்டும். அதன் திணிவு 400 கிலோகிராம் எனில், அதே ஆர்முடுகலுக்கு 200 நியூற்றன் விளையுள் விசை தேவை. வண்டில் 400 நியூற்றனால் பின்னிழுப்பதால், தரை மாட்டின் குளம்புகளை 600 நியூற்றனால் முன்னே தள்ள வேண்டும். இரண்டு 400களும் ஒரே வரிப்படத்தில் ஒருபோதும் சந்திப்பதில்லை.

மையநீக்க விசை

வட்டத்தில் போகும் பொருளை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் விசை இது. தரையில் நின்று பார்ப்பவரின் விசை வரிப்படத்தில் அதை வரையாதீர்கள்.

உராய்வைக் குணகத்தால் பெருக்கி முடித்துவிடுதல்

குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால் பெருக்கினால் கிடைப்பது உராய்வின் உச்சம். அதே வெங்காய மூட்டையைக் கிடையாக 30 நியூற்றனால் தள்ளினால் உராய்வு 60 அல்ல, 30 நியூற்றன். எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எழும். உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிரானது என்பதும் அரைகுறை உண்மையே. மேலே மாட்டின் குளம்பை முன்னே தள்ளியது உராய்வுதான்; அது எதிர்ப்பது மேற்பரப்புகளின் சார்பு வழுக்கலை.

ஈர்ப்பு ஆர்முடுகலின் பெறுமானம்

வினாத்தாள் தருவதை எடுங்கள்.

இழையின் இழுவையை நிறைக்குச் சமனாக்குதல்

செவ்வன் மறுதாக்கத்தில் செய்த தவறே இங்கே கயிற்றில் ஏறி வருகிறது. கிணற்றுக் கப்பியில் தண்ணீரோடு 10 கிலோகிராம் வாளியைச் சீரான வேகத்தில் இழுத்தால் இழுவை 100 நியூற்றன். மேல்நோக்கி 1 மீற்றர்/செக்கன்² ஆர்முடுகலுடன் இழுத்தால் 110. வாளி மேலே வந்துகொண்டிருந்தும் அதே அளவு அமர்முடுகலுடன் வந்தால் 90. மேலே வருகிறது என்பதற்காக இழுவை கூடியே இருக்க வேண்டும் என்பது முதலாவது தலைப்பில் சொன்ன தவறின் மறுவடிவம்.

ஒப்பமான இலேசான கப்பி ஒன்றின் மேலாகச் செல்லும் இழையின் இரு முனைகளிலும் 3 கிலோகிராம், 2 கிலோகிராம் திணிவுகள் தொங்கும் கணக்கில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஒரு பக்கத்தில் 30, மறுபக்கத்தில் 20 என்று ஒரே இழைக்கு இரண்டு இழுவைகளை எழுதுபவர்கள் உண்டு. இரண்டு திணிவுகளுக்கும் தனித்தனியே இரண்டாம் விதியை எழுதினால் ஆர்முடுகல் 2 மீற்றர்/செக்கன்², இழுவை இரு பக்கத்திலும் 24 நியூற்றன். கப்பியைத் தாங்கும் கொளுக்கியிலுள்ள விசை கேட்கப்பட்டால், தொங்குவது 5 கிலோகிராம் என்று பார்த்து 50 நியூற்றன் என எழுதுவார்கள். விடை 48. தொகுதியின் திணிவு மையம் 0.4 மீற்றர்/செக்கன்² ஆர்முடுகலுடன் கீழே போவதால், 5 கிலோகிராமுக்கு 2 நியூற்றன் குறைகிறது. கப்பி இறுகிச் சுழல மறுத்து, இழையும் அதன்மீது வழுக்காமல் நின்றால்தான் கொளுக்கியில் 50 வரும். அப்போதுதான், வித்தியாசத்தைக் கப்பியின் உராய்வு தாங்கிக்கொள்ள, இழையின் இரு பக்கங்களிலும் 30, 20 என்ற வேறுபட்ட இழுவைகளும் சரியாகும்.