மேலண்ணத்தில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா: அறுவையும் அதன் பிறகும்

மேலண்ணத்தில் வலியே இல்லாத சின்ன வீக்கம்; மேலே தோலும் புண்ணாகாமல் வழவழப்பாகவே இருக்கும். பல்வேரில் சீழ் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. அண்ணத்தில் இருக்கும் நுண்ணிய உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற இந்தப் புற்றுநோய் மெதுவாக வளரும். நரம்பைப் பிடித்துக்கொண்டே நகர்வது இதன் குணம். மற்ற வாய்ப்புற்றுகளைப் போல நெறிக்கட்டிக்கு அவ்வளவாகப் போகாது. ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகும், அதுவும் பல ஆண்டுகள் கழித்து.

முதலில் பயாப்சி, அதாவது திசுவை எடுத்துச் சோதிப்பது. சின்னக் கட்டிதானே என்று மொத்தமாகத் தோண்டி எடுத்துவிட்டால், பிறகு எல்லை எது என்றே தெரியாது. ஒரு துண்டு போதும், ஆனால் ஆழமாக எடுக்க வேண்டும். அறிக்கையில் திசுவின் அமைப்பைப் பாருங்கள்: சல்லடை போன்றது, குழல் போன்றது, திண்மமானது என மூன்று வகை. திண்மப் பகுதி 30 சதவீதத்தைத் தாண்டினால் நோய் மூர்க்கமானது என்று கொள்ள வேண்டும்.

எலும்பு அரித்திருக்கிறதா என்பதை சி.டி. சொல்லும், நரம்பைக் காட்டுவது மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. வெறுமனே 'வாய்' என்று எழுதி அனுப்பினால் படம் அண்ணத்தோடு நின்றுவிடலாம். அண்ண நரம்பு ஏறிப்போகும் துளையிலிருந்து மண்டையோட்டின் அடிப்பகுதி வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சு சி.டி.யையும் அப்போதே எடுத்து வைத்தால், பின்னால் நுரையீரலில் தெரியும் புள்ளி புதிதா பழையதா என்ற குழப்பம் வராது.

அறுவையில் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல திசுவையும், தேவையான அளவு மேல்தாடை எலும்பையும் எடுப்பார்கள். அண்ண நரம்பைப் பின்தொடர்ந்து போய் வெட்டி, வெட்டிய முனையை அங்கேயே உறையவைத்துச் சோதிப்பது நல்ல வழக்கம். ஆனால் முனையில் ஒன்றுமில்லை என்ற பதிலை முழுதாக நம்பிவிட முடியாது. நரம்பில் இது இடைவெளி விட்டு விட்டும் இருக்கும். வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, எல்லை சுத்தம் என்று வந்த பிறகும் பெரும்பாலும் கதிர்வீச்சு சொல்வது இதனால்தான்.

எலும்பு போன இடத்தில் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை இருக்கும். அதை உடலின் வேறு பகுதித் திசுவால் மூடலாம், அல்லது அப்டுரேட்டர் என்ற அடைப்பானைப் பல்தட்டோடு பொருத்தலாம். அடைப்பான் என்றால் பல் மருத்துவர் அறுவைக்கு முன்பே அச்செடுத்திருக்க வேண்டும். முதல் தட்டு அறுவை மேசையிலேயே பொருத்தப்படும். சுமார் ஒரு வாரத்தில் உள்ளிருக்கும் துணியோடு கழற்றி, தற்காலிகத் தட்டு தருவார்கள். குழி சுருங்கி நிலைக்க மாதங்கள் ஆகும். அதுவரை தட்டை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும். தண்ணீர் மூக்கில் ஏறினால் ஓரத்தில் கசிவு. சாப்பிட்டதும் தட்டைக் கழற்றிக் கழுவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் குழியையும் அலசுங்கள். காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஊறினால் தானே வரும்.

கதிர்வீச்சை அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். வழக்கமான அளவு 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாளுக்கு 2 கிரே, வாரம் 5 நாள். பிடுங்க வேண்டிய பல்லைக் குறைந்தது 2 வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். கதிர் பட்ட எலும்பில் பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். மிச்சமுள்ள பற்களுக்கு ஃபுளோரைடு தினமும், ஆயுள் முழுக்க.

வாய் திறப்பை அளந்து எழுதி வையுங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 35 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் தாடை இறுகுகிறது என்று பொருள். மருத்துவர் அனுமதித்ததும் நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். விட்டுவிட்டால் தட்டைப் போடவே வாய் திறக்காது.

சிகிச்சை முடிந்த சுமார் 3 மாதத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அடுத்த எல்லாப் படங்களுக்கும் ஒப்பீடு, தொலைத்துவிடாதீர்கள். முதல் ஆண்டு 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, பிறகு இடைவெளி கூடும், 5 ஆண்டுக்குப் பின் வருடம் ஒரு முறை. ஐந்தாண்டு தாண்டினால் விடுதலை என்ற கணக்கு இங்கே செல்லாது. 10, 15 ஆண்டு கழித்தும் திரும்பும். நுரையீரலில் சிறு முடிச்சு தெரிந்தால் உடனே மருந்து என்றும் இல்லை, மெதுவாக வளர்ந்தால் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

கன்னத்திலோ மேலுதட்டிலோ புதிதாக மரமரப்பு, எரிச்சல், பார்வை இரண்டாகத் தெரிவது என்றால் தேதிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள். நன்றாக உட்கார்ந்திருந்த தட்டு திடீரென உட்காரவில்லை என்றால், அதைத் தேய்த்துச் சரிசெய்யும் முன் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.