அரசி கிறிஸ்டினாவின் செப்புத்தகட்டுப் படம்: பழைய படியா, பிற்கால நகலா?

ஸ்வீடன் அரசி கிறிஸ்டினாவை செபஸ்தியான் பூர்தோன் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து, பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் ரோபெர் நாந்தெய் 1654-இல் செப்புத்தகட்டில் உளியால் செதுக்கினார். அந்தத் தகட்டிலிருந்து தாளில் அச்சிட்ட இந்தப் படமோ அக்காலத்து வேறொரு அரசியின் படமோ கையில் கிடைத்தால், கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

தேவையானவை: 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), மில்லிமீட்டர் ஸ்கேல், சிறு டார்ச். போன் கேமரா வேண்டாம். அது கோட்டின் விளிம்பைத் தானாகவே கூர்மையாக்கிக் காட்டி ஏமாற்றும்.

1. சட்டத்திலிருந்து எடுத்து, சுத்தமான உலர்ந்த கையால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பின்பக்கம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.

2. லூப்பில் ஒரே சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட் போன்ற நவீன இயந்திர அச்சு. அத்தோடு விட்டுவிடலாம்.

3. உளியால் வெட்டிய கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, ஊசிமுனையாக முடியும். அமிலத்தால் அரித்த கோட்டின் முனை மழுங்கியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மை லேசாக மேடிட்டிருப்பது தெரியும்.

4. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருக்கிறதா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஒளிச்செதுக்கு நகல்களும் (புகைப்பட முறையில் தகட்டுக்கு மாற்றியவை) செப்புத்தகட்டில் அச்சானவையே. அவற்றிலும் பள்ளம் உண்டு, மேடிட்ட மையும் உண்டு. ஆகவே தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் (இரண்டுமே தாள் செய்த கம்பிச் சல்லடையின் தடங்கள்) தெரிய வேண்டும். கோடே இல்லாத வழவழப்பான தாள் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. அப்படியானால் அச்சு நிச்சயம் பிந்தையது. கோடு இருப்பது மட்டும் சான்றாகாது, பிற்காலத்திலும் அத்தகைய தாள் செய்தார்கள்.

5. கன்னத்தைப் பாருங்கள். நாந்தெய் சருமத்தைக் குறுங்கீற்றுகளாலும் புள்ளிகளாலும் உருவாக்குவார். தகடு தேயும்போது முதலில் மறைவது அவைதான். கன்னம் வெறும் வெள்ளையாகவும் கூந்தல் அடர்கறுப்பாகவும் இருந்தால், தகடு அசலாகவே இருந்தாலும் படி (அதிலிருந்து அச்சிட்ட தாள்) தாமதமானது.

6. தகட்டுப் பள்ளத்தின் நீள அகலத்தை அருங்காட்சியகப் பதிவோடு ஒப்பிடுங்கள். ஈரத்தாளில் அச்சிட்டுக் காயவைப்பதால் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடலாம்.

பின்சேர்ப்பு: ஓரம் வெட்டப்பட்ட படிகளில் பள்ளமே இருக்காது. பழைய சேகரிப்பாளர்கள் ஆல்பத்தில் ஒட்ட அப்படி வெட்டுவது வழக்கம். அதற்காகப் போலி என்று ஒதுக்காமல், 3, 5-ஆம் சோதனைகளையும் 4-இல் சொன்ன தாள் சோதனையையும் நம்புங்கள்.