பெருந்தொற்றுக் கால அவசர உதவி: சமூக ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட்-19 பரவலைத் தடுக்கப் பெரும்பாலான பணியிடங்களை மூடவைத்த நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியபோது, அதுவரை எவரிடமும் உதவி கேட்டறியாத குடும்பங்களும் திடீரென வருமானமின்றி நின்றன. அத்தகைய நேரத்தில் ஆவணங்கள் எல்லாம் சேரட்டும் என்று உதவியைத் தள்ளிப்போடுவதே மிகப் பெரிய தவறு என்பேன். கோப்பிக்கடையில் பாத்திரம் கழுவி, கூலியை ரொக்கமாக வாங்கிவந்த பெண்ணிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்தும் மத்திய சேமநிதிக் கணக்கிலும் சந்தா பதிவாகியிருக்காது. முதலாளியின் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவதைவிட, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து, அவர் சொல்லும் விவரங்களோடு சேர்த்து, அரசின் நிதியுதவி விண்ணப்பங்களைக் கவனிக்கும் சமூக சேவை அலுவலகத்திற்கு விளக்கி எழுதலாம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே அவசரத் தேவைக்கு இடைக்கால உதவி வழங்க அந்த அலுவலகத்திற்கு வழியுண்டு. அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஒரு திட்டம் கைகொடுக்காவிட்டால் எல்லாக் கதவும் அடைபட்டதாகக் கருதுவது இன்னொரு தவறு. 2020 மே மாதம் தொடங்கிய கொவிட்-19 ஆதரவு மானியம், வேலையிழந்த ஊழியர்களுக்கு மாதம் 800 வெள்ளி வரை மூன்று மாதங்களுக்கு வழங்கியது. சம்பளம் பெருமளவு குறைந்தவர்களுக்கும் அதில் இடமிருந்தது. ஆனால் சுயதொழில் செய்வோருக்கு வருமான நிவாரணத் திட்டம் தனியாக இருந்தது. தொற்றுக்கு முன்பிருந்தே வறுமையில் வாடியவர்களுக்கோ, புதிய வருமான இழப்பைக் காட்டத் தேவையில்லாத காம்கேர் எனப்படும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு நிதியுதவியே பொருத்தமானது. சுயதொழிலாக டாக்சி ஓட்டும் கணவரும் துப்புரவு வேலையை இழந்த மனைவியும் ஒரே வீட்டில் இருந்தால் இருவருக்கும் வெவ்வேறு வழிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். எனவே, குடும்பத்தில் ஒவ்வொருவரின் வேலையையும் தனித்தனியே கேட்டறிவது அவசியம்.

தமிழ் மட்டுமே பேசும் பெற்றோருக்குப் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதும் கூடாது. வாடகைப் பாக்கியையும் கடனையும் பிள்ளையின் வாயால் சொல்ல எந்தத் தாயும் தயங்குவார். சொல்லாத கடன் விண்ணப்பத்திலும் இடம்பெறாது.

உதவி கிடைத்தவுடன் குடும்பத்தின் கோப்பினை மூடிவிடக் கூடாது. மூன்று மாத உதவி என்றால், இரண்டாம் மாதத்திலேயே குடும்பத்தை அழைத்து, வேலை கிடைத்ததா, வாடகையும் மின்கட்டணமும் எவ்வளவு நிலுவையில் உள்ளன என்று கேட்டு, தேவையெனில் புதுப்பிப்பு விண்ணப்பத்தை அப்போதே தொடங்கிவிட வேண்டும்.