கேட்டை மறிச்சு நிக்கிற வண்டி: டர்பன்ல நம்ம ஆளுங்க பண்ற தப்புகள்

போன வருஷம் ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரை மணி இருக்கும், அம்மாவை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்துட்டு இருக்கேன், தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய இருக்குற சாட்ஸ்வொர்த்ல எங்க ரோட்டுக்குள்ள திரும்பினா ரெண்டு பக்கமும் வரிசையா வண்டி, பக்கத்து வீட்ல கூழ் ஊத்துற பூஜை. ரிமோட்டை அழுத்துறேன், கேட் மோட்டார் சத்தம் கேக்குது, கேட்டு மெதுவா நகந்து முழுசா தொறந்துருச்சு, ஆனா உள்ள போக வழி இல்ல, ஒரு வெள்ளை பக்கி, அதாங்க பிக்கப் வண்டி, குறுக்கால நிக்குது, பின் சக்கரம் ஒண்ணு கல் விளிம்பு மேல ஏறி இருக்கு, உள்ள ஆள் இல்ல. அம்மா பின் சீட்ல கம்பளிய இழுத்து போத்திக்கிட்டு "என்னப்பா ஆச்சு"ன்னு கேக்குறாங்க.

இந்த ஊர்ல இருக்குறவங்களுக்கு இது எவ்ளோ பயமான விஷயம்னு சொல்லத் தேவையில்ல. ராத்திரி கேட்டு தொறந்து கிடக்க, வண்டி ரோட்லயே நிக்க, உள்ள வயசானவங்க. வண்டிய பறிக்கிறவங்க காத்துக்கிட்டு இருக்குற இடமே வீட்டு வாசல்தான், அதனாலதான் வாசல்ல நிக்காதீங்க, சட்டுனு உள்ள போயிருங்கன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தர் கேட்டை மறிச்சா அந்த ஒரு பாதுகாப்பும் போயிருது. அதனாலதான் இதை வெறும் மரியாதை விஷயமா பாக்காதீங்கன்னு சொல்றேன்.

நான் அன்னைக்கு ஹூட்டரை, அதாவது ஹாரனை, அழுத்தி அழுத்தி அடிச்சேன். அது தப்பு. இங்க விதிப்படி ஹூட்டர் பாதுகாப்புக்கு மட்டும்தான், கோவத்தை காட்டுறதுக்கு இல்ல, அதோட பூஜை சத்தத்துல யாருக்கும் கேக்கவும் இல்ல. கடைசியில எதிர் வீட்டு பையன்தான் உள்ள ஓடிப்போய் "வெள்ளை பக்கி யாரோடது"ன்னு கத்தி ஆளை கூட்டிட்டு வந்தான். இருபது நிமிஷம். அதுக்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு உக்காந்து படிச்சேன், படிச்சா நாங்க ரெண்டு பக்கமும் எவ்ளோ தப்பா நினைச்சுட்டு இருந்தோம்னு புரிஞ்சது.

முதல் தப்பு, போர்டு இல்லன்னா நிறுத்தலாம்னு நினைக்கிறது. 1996ஆம் வருஷத்து நேஷனல் ரோட் டிராஃபிக் ஆக்ட், அதுக்கு கீழ 2000ல வந்த ரெகுலேஷன்ஸ், இது ரெண்டும்தான் நாடு முழுக்க செல்லும். வண்டி எங்க நிக்கலாம் எங்க நிக்கக் கூடாதுன்னு 304, 305ஆம் ரெகுலேஷன்ல இருக்கு. ஒரு வீட்டுக்கோ கடைக்கோ வண்டி போய் வர்ற வழிய மறிச்சு நிறுத்தக் கூடாது, அதுக்கு போர்டும் வேணாம், மஞ்சள் கோடும் வேணாம், ராத்திரி பகல்னு வித்தியாசமும் கிடையாது. நீங்க கேட்ல "இங்கே நிறுத்தாதீர்"னு எழுதி வெச்சா அது ஒரு வேண்டுகோள் அவ்ளோதான், எழுதாம விட்டாலும் உங்க உரிமை குறையாது.

ரெண்டாவது, "நான் வண்டிக்குள்ளதானே உக்காந்திருக்கேன், பார்க் பண்ணலையே"ங்கிறது. இதை எத்தனை தடவை கேட்டிருக்கேன். அந்த ஆக்ட்லயே பார்க் பண்றதுக்கு அர்த்தம் குடுத்திருக்காங்க: உள்ள ஆள் இருந்தாலும் இல்லாட்டியும், ஆளையோ சாமானையோ ஏத்தி இறக்க நியாயமா ஆகுற நேரத்துக்கு மேல வண்டி அங்கயே நின்னா அது பார்க்கிங்தான். ஆயாவை கைபிடிச்சு இறக்கி விடுறது வேற. இறக்கி விட்டுட்டு போன்ல பேசிக்கிட்டு இருக்குறது வேற.

மூணாவது தப்பு மறிக்கப்பட்டவங்க பக்கம், இங்கதான் சண்டையில பாதி ஆரம்பிக்குது. என் வீட்டு முன்னாடி இருக்குற இடம் எல்லாம் என்னோடதுன்னு நினைக்கிறது. நம்ம மதிலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற புல் தரை, வெர்ஜ்னு சொல்றோமே, அதுல புல் வெட்டுறது நீங்க, தண்ணி ஊத்துறது நீங்க, ஆனா சட்டப்படி அது பப்ளிக் ரோடோட ஒரு பாகம். அதுல பெயின்ட் அடிச்ச கல்லு வைக்கிறது, கம்பி நடுறது, கோன் வெச்சு இடம் பிடிக்கிறது, சொந்தமா நோ பார்க்கிங் சைன் அடிச்சு நடுறது, இதுக்கெல்லாம் உங்களுக்கு அதிகாரம் கிடையாது. கேட்டு வாய் மட்டும் திறந்து இருக்கணும், அதை கேக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மதிலுக்கு முன்னாடி ரோட்ல வேற தடை இல்லாத இடத்துல ஒருத்தர் ஒழுங்கா நிறுத்தினா, உங்க விருந்தாளிக்கு இடம் இல்லாம போனாலும், அவர் மேல தப்பு இல்ல.

இந்த இடத்துல கொஞ்சம் பழசையும் நினைச்சு பாக்கணும். எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச நிறவெறி காலத்து குரூப் ஏரியாஸ் சட்டத்தால, டர்பன்ல கேட்டோ மேனர்ல இருந்தும் மேகசின் பேரக்ஸ்ல இருந்தும் நம்ம ஜனங்களை 1960கள்ல இங்க கொண்டு வந்து விட்டப்போ ஒட்டி ஒட்டி சின்ன வீடு, சரிவுல குறுகல் ரோடு, அப்ப பஸ்ல போய் வந்தவங்கதான் அதிகம். இப்ப ஒரே வீட்ல அப்பாவுக்கு ஒண்ணு, மகனுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு, பின்னாடி அவுட்பில்டிங்ல வாடகைக்கு இருக்குறவருக்கு ஒண்ணு. இடம் அதே இடம்தான். அதனால பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவருக்கும் நிறுத்த இடம் இல்லங்கிறதை மனசுல வெச்சுக்கங்க.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன். நம்ம கையில சட்டத்தை எடுக்குறது. காத்தை பிடுங்கி விடுறது, சாவியால கோடு போடுறது, நாலு பேர் சேந்து வண்டிய தூக்கி ஓரமா வைக்கிறது, இல்லன்னா "நீ என்னை மறிச்சியா, நான் உன்னை மறிக்கிறேன்"னு அவர் வண்டிக்கு பின்னாடி நம்ம வண்டிய ஒட்டி நிறுத்துறது. அவர் கேட்டை மறிச்சது ஒரு ஃபைனோட போற விஷயம். நீங்க வண்டிய வேணும்னே சேதப்படுத்தினா அது கிரிமினல் குற்றம், கேஸ் உங்க மேல வரும். சேதமே இல்லாட்டியும், சொந்தக்காரர் சம்மதமோ நியாயமான காரணமோ இல்லாம அடுத்தவர் வண்டி எஞ்சினை கிளப்புறது, கியர் போடுறது, பாகங்கள்ல கை வைக்கிறது, உள்ள ஏறுறது எல்லாத்தையும் அதே ரோட் டிராஃபிக் ஆக்ட் 66ஆம் பிரிவு தடுக்குது. நியாயமான காரணம் இருந்துச்சுன்னு அப்புறம் கோர்ட்ல நிக்கிறதை விட ஆரம்பத்துலயே கை வைக்காம இருக்கலாம்.

சங்கிலி போட்டு பூட்டுறது, வெளிய போக முடியாம அடைக்கிறது இதுக்கு இந்த நாட்டு சட்டத்துல தனியாவே ஒரு பரிகாரம் இருக்கு, மேண்டமென்ட் ஃபன் ஸ்போலின்னு பேரு, பழைய ரோமன் டச்சு சட்டத்துல இருந்து வந்தது. ஒருத்தர் கையில அமைதியா இருந்த பொருளை நீங்க கோர்ட் ஆர்டர் இல்லாம பறிச்சா, யாருக்கு உரிமைங்கிற கேள்விக்கே கோர்ட்டு போகாது, முதல்ல திருப்பிக் குடு, அப்புறம் பேசலாம்னு சொல்லிரும். 1906ல டிரான்ஸ்வால் கோர்ட்ல நினோ போனினோ எதிர் டி லாங்கேன்னு ஒரு கேஸ், குத்தகை ஒப்பந்தத்துலயே பூட்டிக்கலாம்னு எழுதி இருந்தும் இடத்தை பூட்டினது செல்லாதுன்னு தீர்ப்பு, இன்னைக்கும் வக்கீல்ங்க அதைத்தான் எடுத்து காட்டுறாங்க. எழுதி வாங்கினவருக்கே அப்படின்னா, "நோட்டீஸ் ஒட்டி இருக்கேன், அதனால சக்கரத்துல பூட்டு போட்டேன்"னு சொல்றவர் நிலைமைய யோசிச்சு பாருங்க.

வாய் விடுறதும் அதே மாதிரிதான். இனத்தை சொல்லி, நிறத்தை சொல்லி, ஊனத்தை சொல்லி திட்டினா க்ரைமென் இன்ஜூரியாங்கிற குற்றம், இங்க அதுக்கு ஜெயிலுக்கே போனவங்க இருக்காங்க. வாட்ஸாப் குரூப்ல நம்பர் பிளேட் போட்டோவை போட்டு "இந்த திருடனைப் பாருங்க"ன்னு எழுதுறதும் வேணாம், அவதூறுன்னு அவர் கேஸ் போடலாம். போட்டோ எடுங்க, ஆனா உங்க கிட்ட வெச்சுக்கங்க: நம்பர் பிளேட்டும் உங்க கேட்டும் ஒரே படத்துல தெரியணும், நேரம் பதிவாகி இருக்கணும்.

சரி, யாரை கூப்பிடுறது? முதல்ல ஆளைத் தேடுங்க, கதவைத் தட்டி "ஆண்ட்டி, வெளிய நிக்கிற வெள்ளை பக்கி யாரோடது, அம்மாவுக்கு முடியல, உள்ள போகணும்"னு சொன்னா பத்துல ஒன்பது தடவை அங்கயே முடிஞ்சுரும். முடியலன்னா எத்தெக்வினி மெட்ரோ போலீஸ், அதாவது டர்பன் மாநகராட்சி போலீஸ். பார்க்கிங் அவங்க வேலை. வண்டிய எடுக்க வைக்கிற அதிகாரம் டிராஃபிக் ஆபீசருக்குத்தான், தப்பா நிறுத்தின வண்டின்னா இழுத்துட்டு போற செலவும் அந்த வண்டிக்காரர் தலையிலதான். தெரிஞ்ச டோ டிரக் அண்ணனை நீங்களே கூப்பிட்டு இழுக்க வெச்சீங்கன்னா மேல சொன்ன வம்பு உங்களுக்குத்தான். போலீஸ் அவசர நம்பர் 10111 எதுக்குன்னா மிரட்டல், அடிதடின்னு போனா, இல்லன்னா வாசல்ல சந்தேகமா யாராவது நின்னா. போன் பண்றப்போ "பார்க்கிங் பிரச்சனை"ன்னு மொட்டையா சொல்லாதீங்க, "என் வீட்டு டிரைவ்வே அடைச்சிருக்கு, உள்ள நோயாளி இருக்காங்க, ஆம்புலன்ஸ் வந்தா நுழைய முடியாது"ன்னு சொல்லுங்க, ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு எழுதி வெச்சுக்கங்க. வாராவாரம் இதே ஆள், இதே இடம்னா அந்த நம்பர்கள்தான் பேசும்.

வேணும்னே திரும்பத் திரும்ப பண்ணி உங்களை பயமுறுத்துறார்னா, 2011ஆம் வருஷத்து ஹராஸ்மென்ட் பாதுகாப்பு சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல ப்ரொடக்‌ஷன் ஆர்டர் கேக்கலாம், வக்கீல் இல்லாமலே. கேட் மோட்டாரை இடிச்சு உடைச்சுட்டு காசு தரமாட்டேன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அங்க வக்கீலுக்கே இடம் இல்ல, 2019 ஏப்ரல்ல இருந்து 20,000 ராண்ட் வரைக்கும். ஃபிளாட், காம்ப்ளெக்ஸ்ல இருக்கீங்கன்னா கதையே வேற, அங்க உங்களுக்கு ஒதுக்கின இடமும் விசிட்டர் இடமும் தவிர பொது இடத்துல டிரஸ்டிங்க, அதாவது காம்ப்ளெக்ஸ நிர்வாகம் பண்றவங்க, எழுத்துல அனுமதி குடுக்காம நிறுத்தக் கூடாது, அவங்க கிட்ட எழுதிக் குடுங்க, தீரலன்னா இந்த மாதிரி குடியிருப்பு தகராறை விசாரிக்கிற கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஓம்பட்ஸ்மன் சர்வீஸ். பின் வீட்டுக்கு முன் வீட்டு நிலம் வழியா பாதை போகுதுன்னா உங்க டைட்டில் டீட்ல, அதாவது நிலப் பத்திரத்துல, சர்விட்யூட்னு அடுத்தவர் நிலம் வழியா போற உரிமை எழுதி இருக்கான்னு பாருங்க, பாட்டன் காலத்துல வாய் வார்த்தையா சொன்னதை மட்டும் நம்பி சண்டைக்கு போகாதீங்க.

கடைசியா பூஜை, கல்யாணம், துக்கம் நடத்துறவங்களுக்கு. இது நாமளே பண்ற தப்பு, சாமி காரியம்னா எல்லாரும் பொறுத்துக்குவாங்கன்னு நினைச்சுடறோம். சாமி காரியத்துக்கு சட்டத்துல விலக்கு இல்ல. ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பக்கமும் நாலு வீட்டுக்கு போய் சொல்லுங்க, யார் வீட்ல டயாலிசிஸ் போறவங்க, யார் நைட் ஷிஃப்ட்னு கேட்டு வெச்சுக்கங்க. அந்த வெள்ளை பக்கி நடந்ததுக்கு அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளி கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்து அம்மா காலடியில உக்காந்து அழுதாங்க. இந்த ஆடிக்கு அவங்க தம்பி ரிஃப்ளெக்டர் சட்டை போட்டு, டார்ச்சோட எங்க கேட்டு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தான், வர்ற வண்டிய எல்லாம் கீழ ஸ்கூல் பக்கம் திருப்பி விட்டான், நாங்க ராத்திரி வந்தப்போ எழுந்து நின்னு கேட்டு மூடுற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தான்.