பினாங்கில் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்க நினைப்பவர்களுக்கு

முதலில் உரிமம். மலேசியாவில் சுற்றுலாத் தொழில் நடத்த சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். நான் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பம் பேசினால், எங்கே போகணும் என்பதற்கு முன்னால், “கூட யார் வர்றாங்க? அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். மொத்தத் திட்டமும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் இருக்கும் பத்துமலை முருகன் கோவிலுக்கு 272 படிகள். மூட்டுவலிக்காரர் அடிவாரத்திலேயே முருகன் சிலையைக் கும்பிடட்டும். பினாங்கின் கொடிமலைக்கு (Penang Hill) ரயிலிலேயே ஏறிவிடலாம். வெயிலுக்கு முன், காலையிலேயே அனுப்புங்கள். மதியம் ஓய்வு, கட்டாயம்.

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு அறையை மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள்.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இன்னும் ஆறு மாதம் செல்லுமா என்று நீங்களே பாருங்கள். மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் மின்வருகை அட்டையை (MDAC) வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்லுங்கள்.

திட்டக் கட்டணத்தை வேலை தொடங்கும்முன் வாங்குங்கள், சொந்தக்காரர்களிடமும்.