மலைச்சரிவில் வளைந்து ஏறும் பாதை வெட்டுவது எப்படி

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் மேட்டில் கொல்லை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, ஜேசிபி விட்டு நேராக ஒரு வழி போட்டுவிடலாமா என்பதுதான். போடலாம், ஆனால் ஐப்பசி மழையில் அது ஓடையாகிவிடும். கையால் வெட்டும் வளைவுப் பாதைதான் நிற்கும். இடம் பட்டாவா என்று முதலில் பாருங்கள், காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டியே வைக்கக்கூடாது.

ஏற்றம் 10 அடி நடந்தால் ஒரு அடி உயர்வது போதும். தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிப் போன செய்தியைத் தேர்தல் நேரத்தில் பார்த்திருப்பீர்கள், சுமையோடு போகும் எந்தக் காலுக்கும் இதற்கு மேல் செங்குத்து ஆகாது. அப்படியானால் 100 அடி உயரம் ஏற 1000 அடி பாதை வேண்டும், 250 அடிக்கு ஒரு திருப்பம் என்றால் மூன்றே வளைவு. வளைவைக் குறைப்பதுதான் கெட்டிக்காரத்தனம், ஏனென்றால் பாதை கெடுவதே அங்கேதான்.

அளக்க கொத்தனாரின் டியூப் லெவல் போதும், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய், அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு குச்சியில் அடிக்கணக்கு குறித்து, குழாயின் முனைக்கு ஒரு குச்சியாகப் பிடித்துக்கொண்டு இருவர் 10 அடி தள்ளி நிற்க வேண்டும். கீழே இருப்பவர் குச்சியில் தண்ணீர் 4 அடியிலும் மேலே இருப்பவருக்கு 3 அடியிலும் நின்றால் ஏற்றம் சரி, அங்கே ஒரு முளை அடித்துவிட்டு நகருங்கள்.

பாதையை மலைக்குள் குடைந்தே வெட்டுங்கள். வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி அகலப்படுத்தினால் அந்தப் பாதி நிச்சயம் சரியும். மூன்றடி அகலத்துக்கு வெளி ஓரம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே இறங்கிவிடும்.

வளைவுக்குச் சரிவு குறைந்த இடமாகத் தேடுங்கள், பாறைத் திட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். திரும்பும் இடம் ஏறக்குறைய சமமாக, சுமைக்காரர் நின்று மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்கட்டும். அதன் கீழ்ப்பக்கம் சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்குங்கள்: பெரிய கல் அடியில், மேல் கல் கீழே இரண்டு கல்லின் இணைப்பை மூடும்படி, 4 அடி உயரத்துக்கு ஒரு அடி மலைப்பக்கம் சாய்ந்து. மேல் பாதையில் வரும் தண்ணீர் திருப்பத்துக்குள் புகக்கூடாது, உள் ஓரமாகச் சின்ன வாய்க்கால் வெட்டி, திருப்பத்தைத் தாண்டி நேராகச் சரிவில் விட்டுவிடுங்கள்.

அப்புறம் நம் ஆட்கள். வளைவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு பாதையும் கண்ணுக்குத் தெரிந்தால் வளைவு வரை யார் நடப்பார்கள், குறுக்கே இறங்கிவிடுவார்கள், ஆடும் அதே தடத்தில் போகும், மழைத் தண்ணீரும் அதிலேயே இறங்கும். போர்டு வைத்துப் பயனில்லை. வளைவின் உள்பக்கம் முழுக்க உண்ணிச்செடியை வெட்டிப் போட்டு நடுவே பெரிய கல்லை உருட்டிவிடுங்கள்.

முதல் கனமழை பெய்யும்போதே குடையும் மண்வெட்டியுமாக ஒரு நடை போய் வாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வெளி ஓரத்தை அப்போதே கீறிவிட்டால் ஐந்து நிமிட வேலை, காய்ந்த பிறகு போனால் எந்த இடம் என்றே தெரியாது.